ஐந்தேகால் ஆண்டுக் கணக்கு

அத்தைக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று உறுதியான அன்று டாக்டர் நிறையச் சொன்னார். அத்தை மனத்தில் தங்கியது ஒரு சொல்தான். "இருபத்தஞ்சு நாளைக்குக் கரண்ட்டு வைக்கணுமாம்" என்று ஊரில் எல்லோரிடமும் சொன்னார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் அது. இடுப்பில் ஊதா மையால் கோடு போட்டு, அழியக் கூடாது, தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் விடியற்காலை பஸ் ஏறினோம். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம்.

அந்த ஐந்து வாரமும் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் காத்துக் கிடந்தபோதுதான், சிகிச்சை அறையின் கனத்த கதவுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். கரண்ட்டு இல்லை என்று தெரிந்தது. கருவியைச் சுழற்றவும் விளக்கு எரியவும் கரண்ட்டு வேண்டும். கதிர் பிறப்பதற்கு வேண்டாம். அது பிறப்பது ஒரு விரற்கடை அகலமுள்ள எஃகுக் குப்பிக்குள் அடைத்த கோபால்ட்டிலிருந்து. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை 'சோர்ஸ்' என்கிறார்கள். இரவு, பகல், ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை எதுவும் அதற்குக் கிடையாது. உமிழ்ந்துகொண்டே இருக்கும். அதை அணைக்க முடியாது. ஈயம் நிறைந்த தலைப்பகுதிக்குள் மறைத்து வைத்து, நோயாளி படுத்ததும் ஒரு திறப்புக்கு நேரே நகர்த்தி, முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் மனிதன் செய்யக்கூடியது.

அந்த விரற்கடைப் பொருள் அத்தையின் இடுப்புக்கு மேலே எண்பது சென்டிமீட்டர் தூரத்தில் வந்து நின்றதற்குப் பின்னால் நெடிய பயணம் இருக்கிறது.

கோபால்ட் சாதுவான உலோகம். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நீலம் ஏற்றப் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டது. இயற்கையில் கிடைப்பது கோபால்ட் 59. அணு உலைக்குள் வைத்தால் அதன் அணுக்கருவில் ஒரே ஒரு நியூட்ரான் கூடுதலாகப் புகுந்து கோபால்ட் 60 ஆகிறது. அந்த ஒன்றை அதனால் தாங்க முடியாது. ஒவ்வோர் அணுவும் தன் முறை வரும்போது இரண்டு காமா கதிர்களை வெளியே தள்ளிவிட்டு நிக்கலாக மாறி அடங்கிவிடும். எந்த அணு எப்போது அடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்தில் பாதி அடங்கி முடிய 5.27 ஆண்டு என்று துல்லியமாகச் சொல்லலாம். ஐந்தேகால் ஆண்டு. மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வரும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

கோபால்ட்டுக்கு முன்னால் ஆழத்தில் இருக்கும் கட்டிக்குக் கதிர் கொடுப்பது பெரும்பாடு. சென்னையில் 1934-லேயே பர்னார்ட் கதிரியல் நிலையம் திறந்தாகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து எக்ஸ்ரே கருவிகளின் கதிருக்கு ஊடுருவும் பலம் போதாது. உள்ளே போவதற்குள் தோலைப் பொசுக்கிவிடும். ரேடியமோ எட்டாத விலை. 1921-ல் மேரி கியூரிக்கு அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி வாங்கித் தந்த ஒரே ஒரு கிராம் ரேடியத்தின் விலை ஒரு லட்சம் டாலர். அந்த ஒரு கிராமின் கதிரியக்கம்தான் ஒரு கியூரி என்ற அலகு. 1951-ல் கனடாவின் சாக் ரிவர் உலையில் விளைந்த முதல் கோபால்ட் சோர்ஸ்கள் ஒவ்வொன்றும் ஆயிரம் கியூரி அளவில் இருந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 27-ம் தேதி ஒண்டாரியோ மாகாணத்து லண்டன் நகரிலும், பன்னிரண்டு நாள் கழித்து சஸ்கட்டூனிலும் நோயாளிகளுக்குக் கோபால்ட் கதிர் கொடுக்கத் தொடங்கினார்கள். தோலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு உள்ளே இறங்கும் கதிர் முதன்முறையாகச் சாதாரண மருத்துவமனையின் கைக்கு எட்டியது.

ஆறே ஆண்டில் அது சென்னை அடையாறுக்கு வந்தது. தங்கை சுந்தரத்தைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முப்பது ஆண்டு விடாமல் அலைந்து, 1952-ல் நேரு கையால் அடிக்கல் நாட்டவைத்து, 1954 ஜூன் 18-ம் தேதி திறந்த மருத்துவமனை. பன்னிரண்டு படுக்கை. அப்படி ஓர் இடத்துக்கு 1957-ல் கனடாவின் எல்டொராடோ கோபால்ட் கருவி வந்து இறங்கியது. ஆசியாவில் முதல் கோபால்ட் கருவி அது என்று அடையாறு புற்றுநோய் நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. அங்கே மருத்துவம் பார்த்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தங்கள் நோயாளிகளுக்கு, அன்றைய உலகின் புதிய சிகிச்சைகளில் ஒன்றைக் கொடுத்தார்கள். தர்ம ஆஸ்பத்திரி என்பதால் பழைய கருவி போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கப்பலில் வந்த அந்தப் பொருளை உள்நாட்டிலேயே விளைவிக்கும் காலமும் வந்தது. ராஜஸ்தானில் சம்பல் ஆற்றங்கரையில், ராணா பிரதாப் சாகர் அணையின் நீரைக் குடிக்கும் ராவத்பாட்டா அணுமின் நிலையத்தின் முதல் உலை கனடா உதவியோடு எழும்பி 1973-ல் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கியது. மறு ஆண்டு பொக்ரான் அணுச் சோதனைக்குப் பின் கனடா கையை விரித்துவிட்டது. இரண்டாம் உலையை இந்தியப் பொறியாளர்களே முடித்தார்கள். உலையின் வேகத்தைச் சீராக வைக்கும் கம்பிகளுக்குள் சாதாரண கோபால்ட்டை வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு மின்சாரம் ஓடும்போதே உள்ளே கோபால்ட் 59 மெல்ல மெல்ல 60 ஆகிறது. அத்தை கரண்ட்டு என்று சொன்னது ஒரு வகையில் உண்மைதான் என்று இதைத் தெரிந்துகொண்டபோது தோன்றியது. கரண்ட்டு விளைந்த அதே அடுப்பில்தான் அவர் மருந்தும் வெந்தது.

வெளியே எடுத்ததை மனிதன் கையால் தொட முடியாது. அணுசக்தித் துறையின் கீழ் 1989-ல் அமைந்த ஐசோடோப் வாரியம் நடத்தும் கூடம் அங்கேயே இருக்கிறது. கெட்டியான சுவருக்கும் ஈயக் கண்ணாடிச் சன்னலுக்கும் இந்தப் பக்கம் ஆள் நின்று, அந்தப் பக்கம் இயந்திரக் கை வேலை செய்யும். கேழ்வரகு மணியை ஒத்த, நிக்கல் பூசிய சிறு உருண்டைகளை எஃகுக் குப்பியில் நிரப்பி மூடிப் பற்றவைத்து, அதை இன்னொரு குப்பிக்குள் போட்டு மறுபடியும் பற்றவைக்கிறார்கள். புது சோர்ஸ் ஒன்றில் ஏறத்தாழ பத்தாயிரம் கியூரி. மேரி கியூரிக்குக் கிடைத்ததைப் போலப் பத்தாயிரம் மடங்கு கதிரியக்கம் கட்டை விரல் நுனி அளவு இடத்தில்.

அடுத்தது சாலை. டன் கணக்கில் எடையுள்ள ஈயப் பெட்டிக்குள் அந்தக் குப்பி வரும். இந்த வகைப் பெட்டியை அனுமதிக்கும் முன் ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து அசையாத தளத்தின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும், எஃகு முளையின் மேல் விழவைக்க வேண்டும், 800 டிகிரி தீயில் அரை மணி நேரம் வாட்ட வேண்டும், தண்ணீரில் முக்க வேண்டும் என்பது உலகம் முழுதும் உள்ள விதி. லாரியின் மேல் மஞ்சள் அட்டையில் மூவிலைச் சின்னம் ஒட்டியிருக்கும். ராஜஸ்தானிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சுமார் 2,000 கிலோமீட்டர். வழியில் டீக்கடையில் அந்த லாரி நின்றால் யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். வழியெல்லாம் அது தேய்ந்துகொண்டே வரும். உள்ளூரில் கட்டடம் முடியவில்லை, அனுமதிக் காகிதம் வரவில்லை என்றால் அதற்காக அது காத்திருக்காது.

இனி அரசின் திட்டத்துக்கு வருகிறேன். சோர்ஸ் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

இந்திய அரசு தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது 1975-76-ல். அதற்கு முன்னால் கதிர்வீச்சு வேண்டும் என்றால் பம்பாய், சென்னை, கல்கத்தா என்று பெருநகரத்துக்கு ஓட வேண்டும். திட்டத்தின் முதல் வேலையே முக்கிய மருத்துவமனைகளுக்குக் கருவி கொடுப்பதாக இருந்தது; கருவி என்றால் அன்று கோபால்ட். மண்டலப் புற்றுநோய் மையங்கள் உருவாயின. 1984-ல் திட்டம் தடுப்பு, ஆரம்பத்திலேயே கண்டறிதல் என்ற பக்கம் திரும்பியது. பின்னர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் புற்றுநோய்ப் பிரிவு தொடங்க நிதி தந்தார்கள். அந்த நிதியால்தான் கோபால்ட் கருவி இரண்டாம் நிலை ஊர்களுக்கு இறங்கி வந்தது. மின்வெட்டுக்கு அஞ்சாது, பழுதானால் பிரித்துப் பார்க்கலாம், குளிர்நீர்க் குழாய் கேட்காது. நம் ஊர்களுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி அன்று கிடையாது. அந்த நாளில் அதைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அவர்கள் விட்ட பிழை வேறிடத்தில் இருக்கிறது. நிதி ஒருமுறை நிதி. கருவி வாங்கு, கட்டடம் கட்டு, திறப்பு விழா நடத்து. அதோடு கணக்கு முடிந்தது. கோபால்ட்டுக்கோ அன்றுதான் கணக்கு தொடங்குகிறது. 2017 வரை இருந்த நம் ஐந்தாண்டுத் திட்டமும் கோபால்ட்டின் அரை ஆயுளும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஒரு திட்டத்தின் தொடக்கத்தில் வாங்கிய சோர்ஸ் அடுத்த திட்டம் தொடங்கும்போது ஏறத்தாழ பாதியாகியிருக்கும். கருவி அங்கேயே நிற்கும், பதிவேட்டில் "இயங்குகிறது" என்று இருக்கும், பொய்யும் இல்லை. ஆனால் நேற்று ஒன்றரை நிமிடத்தில் கொடுத்த அளவைக் கொடுக்க இன்று மூன்று நிமிடம் வேண்டும். நாளுக்கு எண்பது பேர் பார்த்த இடத்தில் அறுபது, பிறகு ஐம்பது. அந்த முப்பது பேரும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள், இல்லையென்றால் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்.

அத்தை போன இடத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். சோர்ஸ் பழையது. காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கினால் கதவு திறந்து கூப்பிட மாலையாகும். வேலை செய்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கும் அந்த டெக்னீசியன் தம்பி முகம் சுளிக்காமல் பெயர் கூப்பிட்டார். ஊரிலிருந்து வந்தவர்களில் பலர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு வராந்தாவிலேயே படுத்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு, உள்ளே வைக்கும் கதிரையும் சேர்த்து மொத்தச் சிகிச்சையை எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும்; தள்ளிப் போகும் ஒவ்வொரு நாளும் குணமாகும் வாய்ப்பைக் குறைக்கும். அறுவடைக் கூலியை விட்டுவிட்டு வந்த பெண் பதினெட்டாம் நாளில் வராமல் நின்றுவிட்டால், பதினெட்டு நாள் பட்ட பாட்டுக்கும் பெரிய பலன் இருக்காது. ரயிலில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பு இலவசம். அது நல்ல சலுகைதான். ஆனால் அத்தையின் ஊருக்கு ரயில் கிடையாது.

தேசியத் திட்டம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போது வரைபடம் நினைவுக்கு வருவதில்லை. அந்த பஸ்தான் நினைவுக்கு வருகிறது. அறுவைச் சிகிச்சைக்கு நோயாளி ஒரு தடவை போனால் போதும், எவ்வளவு தூரமானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வரலாம். கதிர்வீச்சுக்கு இருபத்தைந்து, முப்பது தடவை போக வேண்டும். புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு என்றாவது ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படும். பத்து லட்சம் பேருக்கு ஒரு கருவியாவது வேண்டும் என்ற பழைய அளவுகோலையே இந்தியா இன்னும் எட்டவில்லை. இருக்கும் கருவிகளும் பெருநகரங்களில் குவிந்து கிடக்கின்றன. ஆகவே எந்த ஊரில் வைப்பது என்ற கேள்விக்கு, எத்தனை பேர் தினமும் வீடு திரும்ப முடியும் என்பதே முதல் பதிலாக இருக்க வேண்டும்.

கருவியை மட்டும் வாங்கி ஆளைச் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவில் பயங்கரமான சான்று இருக்கிறது. சியுதாத் ஹுவாரெஸ் நகரில் ஒரு மருத்துவமனை 1977-ல் பழைய கோபால்ட் கருவியை வாங்கியது. இயக்க ஆள் இல்லை. கிடங்கில் போட்டுவைத்தார்கள். ஆறு ஆண்டு கழித்து அது இரும்புக் கடைக்குப் போனது. வழியில் குப்பி துளைபட்டு, சுமார் 6,000 கோபால்ட் உருண்டைகள் லாரியிலும் கடை முற்றத்திலும் சிதறின. பழைய இரும்போடு உருகிக் கட்டடக் கம்பியாகவும் மேசைக் காலாகவும் ஊர் ஊராகப் போயின. 1984 ஜனவரியில் கம்பி ஏற்றிய லாரி ஒன்று வழி தவறி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூட வாசலைக் கடந்தபோது எச்சரிக்கை மணி அடித்திருக்காவிட்டால் இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்குமோ.

நம் நாட்டிலும் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்த கோபால்ட் கருவி, சிகிச்சைக் கருவி இல்லை, ஆராய்ச்சிக் கருவி, பல ஆண்டு சும்மா கிடந்து 2010-ல் ஏலத்தில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போனது. உடைத்துப் பார்த்த தொழிலாளிகளில் ஒருவர் ஏப்ரல் மாதம் இறந்தார். குணமாக்க வந்த பொருளும் கொல்ல வந்த பொருளும் ஒன்றே. நடுவில் இருப்பது ஒரு கதிர் இயற்பியலாளர், ஒரு பதிவேடு, பழையதைத் திருப்பி அனுப்ப ஒதுக்கிய பணம். 1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இவற்றையெல்லாம் உரிமத்தோடு கட்டாயமாக்கியிருப்பதை வெறும் சிவப்பு நாடா என்று யாராவது சலித்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது லீனியர் ஆக்ஸிலரேட்டரின் காலம். அடையாறில் 1970களின் பிற்பகுதியிலேயே அது வந்துவிட்டது. எலெக்ட்ரான்களை விரட்டி உலோகத்தில் மோதவைத்துக் கதிர் எடுக்கும் கருவி; இதில்தான் அசல் கரண்ட்டு. கரண்ட்டை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். தேயும் சோர்ஸ் இல்லை, திருட்டுப் பயம் இல்லை. கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரைச் செதுக்கலாம். கோபால்ட்டில் ஓரங்கள் மங்கிப் பக்கத்து உறுப்புகளிலும் சற்றுப் படும். தொண்டையிலோ மூளையிலோ கட்டி இருப்பவருக்கு வேறு கேள்வியே வேண்டாம், ஆக்ஸிலரேட்டர்தான். ஆனால் விலை பல மடங்கு, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கனமானது, உதிரிப் பாகம் கடல் தாண்டி வரும், மின்சாரம் தடுமாறினால் தானும் தடுமாறும். பழுதாகி மூன்று மாதம் நிற்கும் புதுக் கருவியைவிட, தினமும் ஓடும் கோபால்ட் எத்தனையோ மேல். இதைச் சொன்னால் பிற்போக்கு என்பார்கள். கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இந்தச் சிந்தனையில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம் பாபாட்ரான் என்ற கோபால்ட் கருவியை உருவாக்கி, 2000களின் நடுவில் நவி மும்பையில் முதலில் நிறுவியது. கனடாவிலிருந்து அடையாறுக்கு வந்த கருவியின் பேத்தி என்று அதைச் சொல்லலாம். 2010-ல் அது வியட்நாமின் கான் தோ நகருக்கு இந்தியாவின் தானமாகப் போனது. தேசியத் திட்டமும் மாறியது. 2010-ல் புற்றுநோய், நீரிழிவு, இதய நோய் எல்லாவற்றையும் ஒரே தேசியத் திட்டத்தில் கொண்டுவந்தார்கள். மாநிலப் புற்றுநோய் நிறுவனத்துக்கு 120 கோடி ரூபாய் வரை, மூன்றாம் நிலை மையத்துக்கு 45 கோடி வரை என்று பிறகு வகுத்தார்கள். அசாமில் மாநில அரசும் டாடா அறக்கட்டளையும் சேர்ந்து, ஒரே பெரிய மருத்துவமனை என்று கட்டாமல் மாவட்டம் மாவட்டமாகப் படிநிலையில் மருத்துவமனைகளைப் பரப்புகிறார்கள். 2022 ஏப்ரலில் ஏழு ஒரே நாளில் திறந்தன. நோயாளியின் தினசரிப் பயணத்திலிருந்து கணக்குப் போட்ட திட்டம் என்று அதை நான் மதிக்கிறேன். அங்கேயும் ஐந்தேகால் ஆண்டு கழித்து யார் பணம் கட்டுவார்கள் என்ற வரி காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

தேய்ந்த சோர்ஸ் ஆஸ்பத்திரியில் தங்குவதில்லை. புதியதை இறக்கும் நாளில் நிபுணர்கள் வந்து, பழையதைத் தலையிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் ஏற்றுகிறார்கள். அந்தப் பெட்டி வந்த வழியே திரும்பிப் போகிறது. அது இன்னும் செத்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான கியூரி உள்ளே கிடக்கும். இன்னும் பல பத்தாண்டுகள் காவலில் தேய்ந்துகொண்டிருக்க வேண்டும். 1957-ல் அடையாறுக்கு வந்த அந்த முதல் கோபால்ட் எங்கே இருந்தாலும், 2025-ல் ஏறத்தாழ பதின்மூன்று அரை ஆயுளைக் கடந்திருக்கும். ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் இன்னும் கதிர் விடும். மற்றதெல்லாம் நிக்கல்.

அத்தை பிழைத்துக்கொண்டார். ஓராண்டு கழித்துச் செக்கப்புக்கு அழைத்துப் போனேன். பழைய கொட்டகையைப் பார்க்காமல் வர மனமில்லை என்று அங்கே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண், அன்றுதான் முதல் நாள், கை நடுங்கிக்கொண்டிருந்தது. "பயப்படாத தாயி. கண்ண மூடிக்கிட்டு எண்ணு. ஒரு பக்கத்துக்கு எரநூறு வரும். அந்தத் தம்பி வந்து மிசினத் திருப்பி வச்சிட்டுப் போகும். இன்னொரு எரநூறு. அம்புட்டுத்தான்" என்றார். இருபத்தைந்து நாளும் அத்தை அப்படித்தான் எண்ணியிருக்கிறார். எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தப் பெண் உள்ளே போய்விட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார். முகத்தில் கவலை. "அக்கா, நூறு தாண்டல, கதவத் தொறந்துட்டாங்க. அந்தப் பக்கமும் நூறுதான். சரியா வச்சிருப்பாங்களா?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"புதுச் சோர்ஸ் வந்துருக்கும் தாயி."